கை கால் நல்லா இருக்கும்வரை

மூப்பை இதுவரை உடலுக்குள்ளிருந்து பார்த்துவந்தோம். செல்கள் எப்படிப் பழுதாகின்றன, எலும்பு ஏன் மெலிகிறது, ஹார்மோன் சுரப்பு எப்போது குறைகிறது என்பதெல்லாம் முந்தைய அத்தியாயங்களில் வந்தன. சம்பந்தப்பட்ட ஆளை மட்டும் இன்னும் கேட்கவில்லை. எழுபதைத் தாண்டிய ஒருவர் தன் முதுமையைப் பற்றி என்ன நினைக்கிறார்? எதை வைத்து 'நான் நன்றாக இருக்கிறேன்' என்று சொல்கிறார்? அது அவரவர் அபிப்பிராயம், அதற்கும் அறிவியலுக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். அபிப்பிராயம்தான். ஆனால் அது ஆயுளைக் கணிக்க உதவும் அபிப்பிராயம் என்று கடந்த நாற்பது ஆண்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

டாக்டர் போட்ட மார்க், தானே போட்ட மார்க்

ஜான் ரோ மருத்துவர், ராபர்ட் கான் சமூக உளவியலாளர். இந்த இரண்டு அமெரிக்கர்களும் 1987-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதுவரை முதியவர்களை நோயுள்ளவர், நோயில்லாதவர் என்று இரண்டாகப் பிரிப்பதுதான் மருத்துவத்தின் வழக்கம். நோயில்லாதவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை, அவர்களுக்குள்ளும் வழக்கமான மூப்பு, வெற்றிகரமான மூப்பு என்று இரண்டு வகை உண்டு என்றார்கள் இவர்கள். பத்தாண்டு கழித்து, 1997-ல், வெற்றிகரமான மூப்புக்கு மூன்று நிபந்தனைகளை வகுத்தார்கள். நோயும் உடல் முடக்கமும் வரும் வாய்ப்பு குறைவாக இருக்க வேண்டும். உடலும் மூளையும் நன்றாக இயங்க வேண்டும். மனிதர்களோடும் பயனுள்ள வேலைகளோடும் ஈடுபாடு இருக்க வேண்டும்.

நல்ல இலக்கணம்தான். ஆனால் எழுபத்தைந்து வயதில் சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி ஒன்றும் இல்லாதவர்கள் எத்தனை பேர்? முதல் நிபந்தனையிலேயே பெரும்பாலோர் ஃபெயில்.

இதைச் சோதிக்க வசதியான ஓர் இடம் இருந்தது. கலிபோர்னியாவின் அலமேடா மாவட்டத்தில் 1965 முதல் மக்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து பதிவு செய்துவந்தார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்களில் 65 முதல் 99 வயது வரையிலான 867 பேரை வில்லியம் ஸ்ட்ராபிரிட்ஜும் அவருடைய சகாக்களும் எடுத்துக்கொண்டார்கள். ஒருபக்கம் ரோ-கான் நிபந்தனைகளின்படி அவர்களை மதிப்பிட்டார்கள். மறுபக்கம், நீங்கள் வெற்றிகரமாக முதுமையை நடத்துகிறீர்களா என்று அவர்களிடமே கேட்டார்கள். 2002-ல் வெளியான முடிவின்படி, ரோ-கான் கணக்கில் தேறியவர்கள் 18.8 சதவீதம். தம்மைத் தாமே தேறியதாகச் சொன்னவர்கள் 50.3 சதவீதம்.

நோய் இருந்தும், சில காரியங்களைச் செய்வது சிரமமாகியும், பலர் தங்கள் முதுமை நல்லபடியாகவே போகிறது என்றார்கள். இவர்கள் தம்மை ஏமாற்றிக்கொள்கிறவர்கள் என்று தள்ளிவிடலாம். அப்படித் தள்ள முடியாமல் செய்தது, அதற்கு முன்பே கனடாவிலிருந்து வந்த ஒரு முடிவு.

ஒரே ஒரு கேள்வி

கனடாவின் மனிடோபா மாகாணத்தில் 1971-ல் 65 வயதைக் கடந்த மூவாயிரத்துக்கும் அதிகமானோரிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. உங்கள் வயதுக்கு உங்கள் உடல்நிலை எப்படி இருக்கிறது? மிக நன்று முதல் மோசம் வரை ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஜேனா மாஸி, எவலின் ஷபீரோ என்ற இரு ஆய்வாளர்கள், அதன் பிறகு யார் எப்போது இறந்தார்கள் என்பதை இந்தப் பதில்களோடு பொருத்திப் பார்த்து 1982-ல் வெளியிட்டார்கள். 'மோசம்' என்றவர்கள் இறக்கும் அபாயம், 'மிக நன்று' என்றவர்களைப்போல ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. வயது, பால், மருத்துவப் பதிவுகளில் தெரிந்த நோய்கள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இந்த வித்தியாசம் மறையவில்லை. பின்னர் எலன் இட்லரும் யேல் பென்யமினியும் பல நாடுகளில் நடந்த இத்தகைய 27 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் அதே கதை என்று 1997-ல் எழுதினார்கள்.

பரிசோதனைக் கூடத்துக்குத் தெரியாதது கிழவருக்கு எப்படித் தெரிகிறது? முதலாவது, உடம்பு சொல்லும் சேதி அவருக்கு முதலில் வருகிறது. காரணமில்லாத அசதி, ருசி குறைவது, வேட்டி இடுப்பில் தளர்வது எல்லாம் ரிப்போர்ட்டில் ஏறுவதற்கு முன்பே அவருக்குத் தெரியும். இரண்டாவது, டாக்டர் இன்றைய நிலையைப் பார்க்கிறார். அவரோ போன வருடத்தோடு ஒப்பிட்டு, எந்தத் திசையில் போகிறோம் என்று பார்க்கிறார். மூன்றாவது, தன் பாட்டனார் எத்தனை வயதுவரை இருந்தார் என்பதில் தொடங்கி, இரவில் தண்ணீர் கேட்டால் எடுத்துத் தர ஆள் இருக்கிறதா என்பது வரை அத்தனையையும் சேர்த்துத்தான் அவர் பதில் சொல்கிறார்.

நோயைப் பற்றிய எண்ணம் மட்டுமல்ல, முதுமையைப் பற்றிய எண்ணமும் ஆயுளோடு தொடர்புள்ளது. ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டு என்ற சிற்றூரில், ஐம்பது வயதைக் கடந்த 660 பேர் முதுமையைப் பற்றிச் சொன்ன கருத்துகள் 1975-லிருந்து பதிவாகியிருந்தன. யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி அவற்றை இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டார். வயதாவதை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட 7.5 ஆண்டுகள் அதிகம் வாழ்ந்திருந்தார்கள். மனதில் நினைத்தால் நூறு வயது வாழலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. திடமான உடம்பு உள்ளவருக்கு நல்ல எண்ணம் வருவதும் எளிது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வு, காரணத்தை நிறுவும் சோதனை அல்ல. ஆனால் 'இந்த வயதுக்கு மேல் வாக்கிங் எதற்கு, மருந்து எதற்கு' என்று நினைப்பவர் இரண்டையும் விட்டுவிடுவார் என்பதை விளங்கிக்கொள்ள ஆய்வு தேவையில்லை.

சமையல் தெரியாத ஐயா, பேங்க் தெரியாத அம்மா

இனி ஆண் பெண் கணக்குக்கு வருவோம். இந்தியாவில் 2016-20 காலத்துக்கான மாதிரிப் பதிவு முறையின்படி, பிறக்கும்போது எதிர்பார்க்கப்படும் ஆயுள் ஆணுக்கு 68.6, பெண்ணுக்கு 71.4. பெண்கள் கூடுதலாக வாழ்கிறார்கள். ஆனால் 2017-18-ல் நாடு முழுவதும் 72 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த 'லாசி' என்ற முதுமை ஆய்வில், தங்கள் உடல்நிலை மோசம் என்றும் அன்றாடக் காரியங்கள் கஷ்டமாக இருக்கின்றன என்றும் சொன்ன முதியவர்களில் பெண்களின் விகிதமே அதிகம். உலகெங்கும் இதே நிலைதான். பெண்களுக்கு நோய் அதிகம், ஆண்களுக்குச் சாவு அதிகம் என்று மக்கள்தொகை ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. ஆண்களை மாரடைப்பு போன்ற நோய்கள் முந்திக்கொண்டு கொண்டுபோகின்றன. பெண்களுக்கு வருவது மூட்டுத் தேய்மானமும் எலும்பு மெலிவும். இவை உயிரை வாங்காது, நடமாட்டத்தை வாங்கும்.

குடும்ப அமைப்பும் இதில் சேர்ந்துகொள்கிறது. மனைவி வயதில் இளையவர், ஆயுளும் கூடுதல். ஆகவே கணவரின் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொள்ள மனைவி இருக்கிறார். மனைவியின் முறை வரும்போது கணவர் இருப்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அறுபதைத் தாண்டிய பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கணவரை இழந்தவர்கள். மனைவியை இழந்த ஆண்கள் ஐந்தில் ஒருவரைவிடக் குறைவு. 'படுக்கையில விழாம போய்ச் சேரணும்' என்று நம் ஊர்ப் பெண்கள் சாமியிடம் வேண்டிக்கொள்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. வட இந்தியாவில் கள ஆய்வு செய்த மானுடவியலாளர் சில்வியா வாடுக், பிறருக்குப் பாரமாகிவிடுவோமோ என்ற அச்சம் முதியவர்களின் பேச்சில் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதை 1990-ல் ஒரு கட்டுரையாகவே எழுதினார்.

ஆணுக்கு முதுமை ஒரு தேதியில் தொடங்கிவிடுகிறது. மாதச் சம்பள வேலையில் இருந்தவருக்கு அது ரிட்டயர்மென்ட் ஆர்டர் வரும் நாள். அதன் பிறகு நல்ல உடல்நலம் என்பது அவருக்குக் காலையில் நடந்து டீக்கடைவரை போய்வருவது, பேங்குக்குத் தானே போவது, நாலு பேர் தன்னிடம் யோசனை கேட்பது. வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு ரிட்டயர்மென்ட் கிடையாது. அவருடைய அளவுகோல் அடுப்படியில் இருக்கிறது. 'என் வேலையை நானே பாத்துக்கறேன்' என்பதுதான் அவர் தனக்குத் தரும் சான்றிதழ்.

இந்த வேறுபாடு மருத்துவரின் படிவத்துக்குள்ளேயே இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. முதியவர் தனித்து வாழ முடியுமா என்று மதிப்பிட உலகெங்கும் பயன்படும் ஒரு பட்டியலை, 1969-ல் பிலடெல்பியாவில் பவல் லாட்டனும் எலைன் பிராடியும் உருவாக்கினார்கள். அதில் எட்டு வேலைகள் உண்டு. தொலைபேசியில் பேசுவது, கடைக்குப் போவது, சமைப்பது, வீட்டைப் பராமரிப்பது, துணி துவைப்பது, வண்டி ஏறிப் போய்வருவது, மருந்தைச் சரியாக எடுத்துக்கொள்வது, பணத்தைக் கையாள்வது. பெண்ணுக்கு எட்டிலும் மதிப்பெண். ஆணுக்கு முதலில் ஐந்தில்தான். சமையல், வீட்டு வேலை, துவைப்பது மூன்றையும் ஆண்களின் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆயுள் முழுதும் செய்யாததை எழுபது வயதில் 'முடியவில்லை' என்று எழுதினால், மூளை தேய்ந்துவிட்டது என்று பொருளாகிவிடுமே என்பது சிக்கல்.

நம் ஊரில் அந்தச் சிக்கல் இன்னும் தீரவில்லை. மனைவி இறந்தபின் ஒரு டம்ளர் காபி போடத் தெரியாமல் நிற்கும் ஐயாவின் உடம்பில் குறை ஏதும் இல்லை. ஏடிஎம் கார்டைப் பேரனிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் அம்மாவின் மூளையிலும் குறை இல்லை. ஆனால் இருவரும் தனித்து வாழ முடியாதவர்கள். அறுபது வயதில் கணவர் சமையலும் மனைவி பேங்க் வேலையும் கற்றுக்கொள்வது, மாத்திரை எழுதாமலே கிடைக்கும் வைத்தியம்.

அரிவாள்மனையும் அஞ்சு மடங்கும்

முதியவர்களின் அளவுகோல்களில் சில, அறிவியலின் அளவுகோலுக்கு வியப்பூட்டும் அளவு நெருக்கமாக இருக்கின்றன. கிராமத்தில் ஒரு பாட்டியின் உடம்பு எப்படி இருக்கிறது என்று அறிய அவர் காய் நறுக்குவதைப் பார்த்தால் போதும். அரிவாள்மனையில் ஒரு காலை மடித்து, மறு காலால் கட்டையை மிதித்து உட்கார வேண்டும். நறுக்கி முடித்ததும் எழ வேண்டும். ஒருநாள் சுவரைப் பிடித்து எழுவார். பிறகு முழங்காலில் கை ஊன்றி எழுவார். பிறகு மருமகள் கை கொடுக்க வேண்டியிருக்கும். அதற்கும் பிறகு, ஸ்டூலில் உட்கார்ந்து கத்தியால் நறுக்க ஆரம்பித்துவிடுவார். 'முன்ன மாதிரி முடியல' என்று அவர் சொல்வது இந்த வரிசையைத்தான்.

பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் கிளாடியோ கில் அராவ்ஜோ என்ற மருத்துவர் இதே செயலைச் சோதனையாக்கினார். வெறுங்காலோடு நின்று, எதையும் பிடிக்காமல் தரையில் உட்கார வேண்டும், பிறகு எழ வேண்டும். உட்கார ஐந்து மார்க், எழ ஐந்து மார்க். கையையோ முழங்காலையோ ஊன்றும் ஒவ்வொரு முறையும் ஒரு மார்க் போய்விடும், தடுமாறினால் அரை மார்க். 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரைச் சோதித்து, சராசரியாக ஆறு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். மூன்றும் அதற்குக் குறைவாகவும் எடுத்தவர்கள் அந்தக் காலத்தில் இறக்கும் அபாயம், எட்டும் அதற்கு மேலும் எடுத்தவர்களைப்போல ஐந்து மடங்குக்கும் மேல் இருந்தது. தரையில் உட்கார்ந்து எழ, தொடைத் தசையின் வலு, இடுப்பின் வளைவு, உடலின் சமநிலை, மிகையான எடை இல்லாமை நான்கும் சேர்ந்து வேண்டும். அவற்றில் எது குறைந்தாலும் இங்கே தெரிந்துவிடும். வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்கள் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். மூட்டு அறுவைச் சிகிச்சை செய்தவர்கள் முயலவே வேண்டாம்.

'எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்'

முதியவரின் சொல்லுக்கு இவ்வளவு மதிப்புக் கொடுத்தாயிற்று. அதன் மறுபக்கத்தையும் பார்த்துவிட வேண்டும்.

வங்காளப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு, 1944-ல், கல்கத்தாவை அடுத்த சிங்கூரில் அகில இந்திய சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் தங்கள் உடல்நிலை சரியில்லை என்றோ சுமார் என்றோ சொன்னார்கள். கணவரை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம் மட்டுமே. அந்தக் காலத்து வங்காள விதவைகளைவிட மோசமான நிலையில் வாழ்ந்தவர்கள் அரிது. இந்த எண்களை எடுத்துக்காட்டிய பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென், இல்லாமையோடே வாழ்ந்து பழகியவர்கள் அதைக் குறையாக உணர்வதையே விட்டுவிடுகிறார்கள் என்றார். 2002-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் அவர் இன்னொரு முரணைக் காட்டினார். இந்திய மாநிலங்களில் ஆயுள் அதிகமுள்ள கேரளத்தில்தான் நோய் இருப்பதாகச் சொல்பவர்கள் அதிகம். ஆயுள் குறைந்த பிகாரில் அப்படிச் சொல்பவர்கள் குறைவு. படிப்பும் ஆஸ்பத்திரியும் அருகில் இருந்தால்தான் வலிக்கு ஒரு பெயர் கிடைக்கிறது, அதற்கு மருந்து உண்டு என்றும் தெரிகிறது.

மனிடோபாவில் ஒரு கேள்வி ஆயுளைக் கணித்தது. சிங்கூரில் ஏறக்குறைய அதே கேள்வி அவலத்தை மறைத்தது. இரண்டும் உண்மை. ஒரே ஊரில், ஒரே வசதியில், ஒரே மாதிரி மருத்துவம் கிடைக்கும் மனிதர்களுக்குள் ஒப்பிடும்போது தன்மதிப்பீடு நம்பத்தக்கது. வாழ்நாள் முழுதும் பொறுத்துக்கொள்ளப் பழக்கப்பட்டவரின் பதிலை மற்றவரின் பதிலோடு அப்படியே பக்கத்தில் வைக்க முடியாது. சிறுநீர் கட்டுப்படாமல் போவதை, கருப்பை இறங்கியதை, பார்வை மங்குவதை 'வயசானா அப்படித்தான்' என்று சொல்லிச் சமாளிக்கும் பெண்கள் நம் வீடுகளில் எத்தனையோ பேர். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

கோணிய விரல்கள்

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட அறிக்கை, நோயில்லாமையை அளவுகோலாக வைக்கும் பழக்கத்தைக் கைவிட்டது. ஒருவர் தனக்கு முக்கியம் என்று நினைப்பதைச் செய்யும் திறனோடு இருப்பதே நலமான மூப்பு என்றது. அந்தத் திறன் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று உடம்பும் மனமும். இன்னொன்று வீடு, தெரு, பேருந்து, உறவு என்று சுற்றியிருப்பவை. பேருந்தின் படி உயரமாக இருந்தால் நல்ல முழங்காலும் தோற்கும். கழிப்பறையில் ஒரு கைப்பிடி இருந்தால் தேய்ந்த முழங்காலும் ஜெயிக்கும்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமியை ரோ-கான் நிபந்தனையில் உட்காரவைத்துப் பாருங்கள். முப்பதை ஒட்டிய வயதில் வந்த முடக்குவாதம் அவருடைய விரல்களை நிரந்தரமாகக் கோணலாக்கியது. அந்த விரல்களில் கத்தியைப் பிடிக்கப் பழகி, தன் கைக்கு ஏற்ற கருவிகளை வைத்துக்கொண்டு கண்புரை அறுவை செய்யக் கற்றார். 1976-ல், 58 வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டு 11 படுக்கைகளோடு மருத்துவமனையைத் தொடங்கினார். தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கண் அறுவைச் சிகிச்சைகளைச் செய்தவர் என்று அவரைச் சொல்வார்கள். 2006-ல் 87 வயதில் இறந்தார். நோயை வைத்துப் பார்த்தால் அவர் முதல் நிபந்தனையிலேயே தோற்றவர். செய்ய நினைத்ததை வைத்துப் பார்த்தால் அவரைப்போல ஜெயித்தவர்கள் குறைவு. அவரிடம் அறுவை செய்துகொண்டு மறுபடி தானே சமைக்கவும் வயலுக்குப் போகவும் தொடங்கிய முதியவர்களுக்கும் சர்க்கரையோ மூட்டுவலியோ போய்விடவில்லை. பார்வை வந்தது, அதோடு வாழ்க்கையும் திரும்பியது.

தொண்ணூறில் பளு தூக்கியவர்கள்

திறன்தான் அளவுகோல் என்றால், அதை வளர்க்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. பாஸ்டன் நகரத்து முதியோர் மருத்துவ இல்லம் ஒன்றில் மரியா ஃபியாடரோன் தலைமையிலான குழு இதைச் சோதித்து 1990-ல் முடிவை வெளியிட்டது. தொண்ணூறு வயதை ஒட்டிய, தளர்ந்துபோன பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைக்குப் பளுப் பயிற்சி கொடுத்தார்கள். தசை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. நடையின் வேகமும் கூடியது. வயதோடு தசை குறைவது இயற்கை என்றாலும், பயிற்சி கொடுத்தால் தொண்ணூறிலும் தசை பதில் சொல்கிறது. நம் ஊரில் முதியவர்களுக்குச் சொல்லப்படும் ஒரே உடற்பயிற்சி வாக்கிங். அது இதயத்துக்கு நல்லது, ஆனால் தொடைக்குப் போதாது. கை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைத் தினமும் பத்துப் பதினைந்து தடவை செய்வதும், பருப்பு, முட்டை, பால் என்று புரதத்தைக் கூட்டிக்கொள்வதும் அதோடு சேர வேண்டும். வயதானால் ரசம் சாதம் போதும் என்ற பழக்கம் தசையைப் பட்டினி போடுகிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டும்முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, தேவைப்படுவோருக்கு இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. மாத்திரை கேட்டு வாங்குபவர்கள் இரண்டாவதையும் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்த முறை அம்மாவையோ அப்பாவையோ பார்க்கப் போகும்போது, 'உடம்பு எப்படி இருக்கு' என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். 'நல்லாத்தான் இருக்கேன்' என்ற பதில் தயாராக இருக்கும். போன வருடம் செய்த எந்த வேலையை இப்போது விட்டுவிட்டீர்கள் என்று கேளுங்கள். தனியாக வெளியே போய் எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள். மறுபடி எதைச் செய்ய ஆசை என்று கேளுங்கள். மருத்துவரிடம் போகும்போது சுகர் ரிப்போர்ட்டோடு இந்த மூன்று பதில்களையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மூன்றாவது பதிலைத்தான் அவர் முதலில் படிக்க வேண்டும்.